முன்பள்ளி ரீச்சராக வர விரும்பும் தங்கைமாருக்கு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்ட பிறகு, ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஊரில் யாராவது ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வருவார். "சும்மா வீட்டில இருக்கிறதிலும் பாக்க, முன்பள்ளியில ஒரு இடம் இருந்தால் சொல்லுங்கோ ரீச்சர், பிள்ளையளோட பிள்ளையா நிக்கட்டும்" என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் கேட்பது. நம்பிக்கையோடு கேட்கப்படும் அந்தக் கேள்விக்குப் படலையடியில் நின்றபடி இரண்டு வசனங்களில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. நான் மிகவும் நேசிக்கின்ற தொழில் இது. கலியாணம் பொருந்தும் வரை, அல்லது அரச வேலை கிடைக்கும் வரை, பொழுதைக் கழிப்பதற்கான இடமாக அது எண்ணப்படுவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது. ஆகவே இந்தத் தொழிலில் உண்மையில் என்ன இருக்கிறது, அதற்கு எப்படி வரலாம், வந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பவற்றை ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

நானும் இந்த வழியில் திட்டமிட்டு வந்தவள் அல்லள். கலைப்பிரிவில் உயர்தரம் முடித்து, கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரிக்கு ஆரம்பக் கல்விப் பாடநெறிக்கு விண்ணப்பித்துத் தெரிவாகாமல் இருந்த காலத்தில், எங்கள் சனசமூக நிலையத்தோடு சேர்ந்த முன்பள்ளியில் உதவியாசிரியை ஒருவர் தேவைப்பட்டார். அங்கே நெடுங்காலம் கற்பித்துக்கொண்டிருந்த பெரிய ரீச்சர் எனக்கு முதலில் தந்த வேலை கற்பிக்கும் வேலையாக இருக்கவில்லை. ஒரு கொப்பியைக் கையில் தந்து, ஒரேயொரு சிறுமியைக் காட்டி, ஒரு கிழமைக்கு அந்தப் பிள்ளை செய்வதையெல்லாம் பார்த்து எழுதும்படி சொன்னார். அவள் விளையாடினாள், சாப்பிட்டாள், அழுதாள் என்று நான் எழுதிக்கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் அமைதியாகச் சில கேள்விகளைக் கேட்டார். பந்தை எந்தக் கையால் எடுத்தாள்? படியேறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்தாளா, அல்லது மாறி மாறி வைத்தாளா? மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினாளா, அல்லது அவர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தன்பாட்டில் விளையாடினாளா? தெறி பூட்டும்போது யாரையாவது கூப்பிட்டாளா?

அந்தக் கேள்விகளில் எனது தொழிலை நான் கண்டுகொண்டேன் என்று சொன்னால் அது மிகையாகாது. பின்னர் படிக்கப்போனபோது, பெரிய ரீச்சர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு துறையே இருப்பதை அறிந்தேன். பிள்ளைகள் தனித்து விளையாடுவதிலிருந்து, பக்கத்தில் இருந்து விளையாடுவதற்கும், பின்னர் கூடி விளையாடுவதற்கும் மாறிச் செல்வதை மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தி எழுதியிருக்கிறார். எங்கள் மண்ணில் இரண்டு சிறுவர்கள் ஒரே மணற்குவியலில் முதுகு காட்டியபடி இருந்து ஆளுக்கொரு சிரட்டையில் புட்டு அவிப்பதைப் பார்க்கும்போது, அவர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தாய் நினைக்கலாம். மூன்று வயதில் அது இயல்பான ஒரு கட்டம் என்று தெரிந்த ஆசிரியை, அவர்களை வலிந்து சேர்த்துவைக்க முயலாமல், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரேயொரு வாளியை மட்டும் வைத்துவிட்டு விலகி நிற்பார். வாளி ஒன்றாக இருப்பதால் பேச வேண்டிய தேவை வரும். அந்தப் பேச்சுத்தான் அன்றைய பாடம்.

இதை வெறும் அனுபவத்தால் மட்டும் பெற்றுவிட முடியாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்த அம்மம்மாமாருக்குத் தெரியாதது எதுவும் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தவை மிகப் பல. பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்வதிலும், பாட்டுப் பாடி உணவூட்டுவதிலும் அவர்களை மிஞ்ச எவராலும் முடியாது. ஆனாலும் பிள்ளை ஏன் அப்படி நினைக்கிறது என்பதை அறிவதற்குப் படிப்புத் தேவை என்றே நான் கருதுகிறேன். ஒரே அளவான இரண்டு கிளாசுகளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, நான்கு வயதுப் பிள்ளையிடம் எதில் கூடவென்று கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும். அதன் கண்முன்னாலேயே ஒரு கிளாசுத் தண்ணீரை ஒடுங்கிய உயரமான போத்தலில் ஊற்றிவிட்டுக் கேட்டால், போத்தலில்தான் கூட என்று உறுதியாகச் சொல்லும். திருத்தினாலும் அடுத்த முறை அதையேதான் சொல்லும். சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலாளரான பியாஜே இதை ஆராய்ந்து, ஏறத்தாழ 2 வயது முதல் 7 வயது வரையான பருவத்தில் பிள்ளையின் சிந்தனை கண்ணுக்குத் தெரிகின்ற ஒரு அம்சத்திலேயே தங்கி நிற்கிறது என்று விளக்கினார். இது தெரிந்த பிறகு, "எத்தினை தரம் சொன்னனான், விளங்கேல்லையோ" என்ற சொல் ஆசிரியையின் வாயில் வராது. தண்ணீரையும் மணலையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, தானாக ஊற்றி ஊற்றிப் பார்க்க விடுவதே வழி என்று விளங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியை எதிர்கொள்ள வேண்டிய மிகப் பெரிய நெருக்கடி எழுத்துத்தான். பிள்ளை சேர்ந்து ஒரு தவணை முடிவதற்குள்ளேயே, "ரீச்சர், இவன் இன்னும் எழுதத் தொடங்கேல்லையே, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ பி சி முழுக்க எழுதுது" என்று தாய்மார் வந்து நிற்பார்கள். அவர்களில் நான் குறை காணவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்ற ஒன்று அவர்களுடைய மனதில் அப்போதே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பரீட்சைக்கான ரியூசன் தரம் 3 இலேயே ஆரம்பித்துவிடுவதால், தரம் 1 இற்குப் போகும்போதே எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அச்சம் முன்பள்ளி வரை இறங்கிவந்துவிட்டது. கொப்பி நிறைய எழுத்து இருந்தால்தான் நல்ல முன்பள்ளி என்று பெயர் கிடைப்பதால், அந்தப் பெயருக்காக மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலை கொடுக்கும் இடங்களும் உண்டு.

இந்த இடத்தில் நான் தாய்மாருக்குக் கையைப் பற்றிச் சொல்வது வழக்கம். மனிதருடைய மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்புகளாக இருப்பதில்லை. மென்மையான கசியிழையமாக (குருத்தெலும்பாக) இருந்து, ஒவ்வொன்றாக ஆண்டுக்கணக்கில் இறுகி எலும்பாகின்றன. கடைசி எலும்பு உருவாகத் தொடங்கும்போது பிள்ளைக்குப் பொதுவாக எட்டு வயதாவது ஆகியிருக்கும். இன்னும் முழுமையடையாத அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, நான்கு கோடுகளுக்குள் "அ" எழுது என்றால், பிள்ளை விரல்களால் எழுதாமல் தோளால் எழுதும், கடதாசி கிழியும் அளவுக்கு அழுத்தும், பின்னர் கொப்பியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். அதற்குப் பதிலாகக் களிமண்ணைப் பிசையலாம், பனையோலை பின்னலாம், புளியங்கொட்டைகளை இரண்டு விரல்களால் பொறுக்கிப் போத்தலில் போடலாம், ஈரத்துணியைப் பிழிந்து கதிரையைத் துடைக்கலாம். இவை ஒவ்வொன்றும் பென்சிலைப் பிடிக்கப்போகும் அதே தசைகளுக்கான பயிற்சி. சிறுமி ஒருத்தி கத்தரிக்கோலைத் திறந்து மூடப் பழகியபோது, கடதாசியை வெட்டும் ஒவ்வொரு தடவையும் தன் வாயையும் கூடவே திறந்து மூடினாள். பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா சிரித்தார். கைக்கும் வாய்க்கும் போகும் கட்டளைகளை மூளை இன்னும் முழுமையாகப் பிரித்துக்கொள்ளவில்லை என்று விளக்கியபோது, அந்த அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு மகளின் பக்கத்தில் தரையில் இருந்துவிட்டார். சில கிழமைகள் கழித்து வாய் அசையாமல் கை மட்டும் வெட்டத் தொடங்கியதை முதலில் கண்டு எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

விசயதசமியன்று கோயிலில் ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுதுவிக்கும் ஏடு தொடக்கலை நான் பெரிதும் மதிக்கிறேன். அங்கே பென்சில் இல்லை, கோடு இல்லை, சரி பிழையும் இல்லை. ஒரு விரலும் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியும்தான். விரல் நுனியால் உணர்ந்து எழுத்தின் வடிவத்தை அறிவதற்காக, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை மரியா மொண்டிசோரி தமது பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்தார் என்பதைப் படித்தபோது, எங்கள் வழக்கத்துக்கும் அதற்கும் உள்ள நெருக்கம் எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது. வைத்தியராகப் படித்த அந்தப் பெண்மணி, 1907 இல் உரோம் நகரின் சன் லொரென்சோ என்னும் ஏழைப் பகுதியில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கிப் பயிற்சி அளித்ததோடு, 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர் பயிற்சி நெறி ஒன்றை நடத்தினார். இன்று எங்கள் வீதிகளில் அவருடைய பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் முன்பள்ளிகள் பல. அவற்றுள் பிள்ளை தானாகத் தெரிவு செய்து வேலை செய்ய இடம் கொடுக்கும் பள்ளிகள் எத்தனை என்பதைச் சேர்க்கப்போகும் பெற்றோரும், வேலைக்குப் போகும் ஆசிரியையும் உள்ளே சென்று பார்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

கவனிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்களிடம் வந்த ஒரு சிறுவனை வீட்டில் எல்லோரும் குழப்படிகாரன் என்றே அறிமுகப்படுத்தினார்கள். கூப்பிட்டால் வரமாட்டான், கதை சொல்லும்போது எழுந்து ஓடுவான், பேச்சும் தெளிவில்லை. அவனைக் கொப்பியில் எழுதத் தொடங்கியபோது ஒரு விடயம் தெரிந்தது. நான் அவனுக்கு எதிரே இருந்து பேசினால் சொன்னதைச் செய்தான்; முதுகுப்புறமாக நின்று அழைத்தால் திரும்பவேயில்லை. பாட்டு நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்து, அவர்களுக்கு ஒரு கணம் பிந்தியே அபிநயம் செய்தான். பெற்றோரை இருத்தி, பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி, குடும்பநல உத்தியோகத்தரின் உதவியுடன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பினோம். அங்கிருந்து காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டபோது, அடிக்கடி வந்த தடிமனால் இரண்டு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் தேங்கியிருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சைக்குப் பிறகு அவன் கேட்ட முதலாவது கதையின்போது, நாய் குரைக்கும் இடம் வந்ததும் தானும் குரைத்தான். குழப்படி என்ற பெயரோடு அவன் தரம் 1 இற்குப் போயிருந்தால், பின்வாங்கில் இருத்தப்பட்டிருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆறு வயதாகும்போது மூளையின் பருமன் வளர்ந்தவருடைய மூளையின் பருமனில் ஏறத்தாழ 90 வீதத்தை எட்டிவிடுகிறது என்கிறார்கள். அந்த ஆண்டுகளில் கேட்காமல் போன சொற்களைப் பின்னர் தேடிக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தரம் 1 ஆசிரியர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இனிப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரச பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியராவதும் முன்பள்ளி ஆசிரியராவதும் வேறு வேறு வழிகள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். கல்வியியற் கல்லூரி வழியாகப் போகிறவர்கள் இரண்டு ஆண்டு கற்கையும் பாடசாலையில் கற்பித்துப் பழகும் ஓர் ஆண்டு கட்டுறு பயில்வும் முடித்து, தேசிய கற்பித்தல் டிப்ளோமாவுடன் அரச நியமனம் பெறுகிறார்கள். முன்பள்ளிகளோ 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைகளின் மேற்பார்வைக்குள் வந்தவை. சனசமூக நிலையங்கள், கோயில்கள், தேவாலயங்கள், தொண்டு நிறுவனங்கள், தனியார் என்று பலரும் அவற்றை நடத்துகிறார்கள். ஆகவே பயிற்சியை நாங்களாகவே தேடிப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முன்பிள்ளைப் பருவக் கல்வி தொடர்பான கற்கைநெறிகளை நடத்துகிறது. அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் உண்டு என்பதால், வேலை செய்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம். நானும் அப்படித்தான் படித்தேன். முன்பள்ளி ஆசிரியருக்கான தேசிய தொழிற்தகைமை மட்டம் 4 சான்றிதழும் பயனுள்ளது. சில மாதங்களில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள் என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்ற ஐந்து வலயங்களில் உங்களுடையது எதுவோ அங்கே போகலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் சரியான வழியைக் காட்டுவார்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் புகழ்வது நேர்மையாகாது. கிராம முன்பள்ளி ஒன்றில் ஆசிரியைக்குக் கிடைப்பது, பெற்றோர் மாதாமாதம் கட்டும் சிறு கட்டணத்திலிருந்து ஒரு பங்கும், மாகாணத்தால் வழங்கப்படும் ஊக்குவிப்புக் கொடுப்பனவும்தான். இரண்டையும் கூட்டினாலும் புடவைக் கடையில் நிற்கும் பிள்ளை பெறும் சம்பளத்தை எட்டாத இடங்கள் பல. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தியபோது, அந்த வருமானமும் குறைந்தது. திறமையான ஆசிரியைகள் சிலர் அந்தக் காலத்தில் விலகி வேறு வேலைக்குப் போனார்கள், வெளிநாடும் போனார்கள். முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பு, அபிவிருத்தி பற்றிய தேசியக் கொள்கை 2004 இலேயே வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஆசிரியைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு நிரந்தர நியமனமோ ஓய்வூதியமோ இல்லை என்பது எங்கள் சமூகத்துக்கு நியாயமான நிலை அன்று. பிள்ளைகளின் படிப்புக்காகக் காணியை ஈடுவைக்கவும் தயங்காத ஒரு சமூகம், அந்தப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் கையில் எடுப்பவருக்குக் கௌரவமான சம்பளம் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும். பெற்றோர் சங்கங்களும் வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு உதவுவோரும் கட்டடத்துக்கும் வர்ணப்பூச்சுக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஆசிரியைகளின் பயிற்சிக்கும் கொடுப்பனவுக்கும் ஒதுக்க வேண்டும்.

வேலைநேரம் குறைவு என்ற எண்ணமும் சரியானதன்று. பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு வந்து மதியத்துக்கு முன்னர் போய்விடுவார்கள் என்பது உண்மை. ஆசிரியை அதற்கு முன்னரே வந்து முற்றம் கூட்டி, மணலில் கண்ணாடித்துண்டோ முள்ளோ இருக்கிறதா என்று பார்த்து, குடிநீர் நிறைத்து, அன்றைய விளையாட்டுப் பொருள்களை எடுத்துவைக்க வேண்டும். பிள்ளைகள் போன பிறகு பதிவேடு எழுத வேண்டும், மறுநாளுக்கான படங்களை வெட்ட வேண்டும், கஞ்சிக்கோ கடலைக்கோ பொறுப்பேற்ற தாய்மாரோடு பேச வேண்டும். இவற்றைவிட உடம்பைக் களைக்கவைப்பது, ஒரே நேரத்தில் பல பிள்ளைகளின் உணர்வுகளுக்கு முகம் கொடுப்பதுதான். ஒரு பிள்ளையின் தகப்பன் நேற்று வெளிநாடு போயிருப்பார், இன்னொரு பிள்ளைக்கு வீட்டில் தம்பி பிறந்திருப்பான், வேறொரு பிள்ளை ஏனென்றே தெரியாமல் பக்கத்தில் இருப்பவனைக் கடித்திருக்கும். எல்லோருக்கும் நீங்கள் அதே முகத்தைக் காட்ட வேண்டும். பொறுமை பிறவியிலேயே வருவதாகச் சிலர் சொல்வார்கள். பிள்ளையின் நடத்தைக்குக் காரணம் தெரியத் தெரியத்தான் பொறுமை வளர்கிறது என்பது என் அனுபவம். இந்தத் தொழிலில் ஆண்கள் மிகவும் அரிதாகவே இருக்கிறார்கள். தம்பிமார் யாராவது விரும்பினால் அவர்களும் தயங்காமல் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தகப்பன் தூரத்தில் இருக்கும் பல பிள்ளைகளுக்கு அது நன்மை செய்யும்.

ஆகவே தங்கை, தீர்மானிப்பதற்கு முன்னர் அருகிலுள்ள முன்பள்ளி ஒன்றில் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, ஒரு கிழமை கொப்பியோடு ஓரமாக இருந்து ஒரேயொரு பிள்ளையைப் பார்த்து எழுதுங்கள். எழுதுவதற்கு எதுவும் இல்லையே என்று தோன்றினால் இந்த வேலை உங்களுக்குச் சலித்துவிடும். கொப்பி போதவில்லை என்று தோன்றினால் தாராளமாக வாருங்கள். வேலையைப் பொறுப்பேற்கும் நாளில், உங்களிடம் எத்தனை பிள்ளைகள் ஒப்படைக்கப்படுவார்கள், உதவியாசிரியை உண்டா, தரம் 1 இற்கு முன்னர் எழுத்துவேலை கொடுக்கும்படி வற்புறுத்துவார்களா என்பவற்றை நேரே கேளுங்கள். தனியார் முன்பள்ளியானால் நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும், நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகத்திடமிருந்து 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். திறந்த பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புவதற்கோ, வலயப் பணிமனையில் யாரைச் சந்திப்பது என்று அறிவதற்கோ உதவி வேண்டுமென்றால், பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.